கோணேசர் மலையில் கண்ட பழுப்புப் பறவை: பறக்கும் வேட்டைப் பறவையின் இனத்தையும் வயதையும் அறிவது எப்படி?

கேள்வி: ஜனவரியில் திருகோணமலையில் கடலோரப் பாறை மேலுள்ள திருக்கோணேஸ்வரத்துக்குப் போயிருந்தோம். இராவணன் வெட்டு என்னும் பாறைப் பிளவுப் பக்கம் நின்றபோது, எங்களுக்குக் கீழே கடலின் மேல் பெரிய பழுப்பு நிறப் பறவை ஒன்று பறந்தது. தலை வெளிறி இருந்தது. இறக்கை நுனிக்குச் சற்று உள்ளே வெண்மையான திட்டு. வால் வெளிறி, ஓரம் மட்டும் கறுத்திருந்தது. இரண்டு காகங்கள் அதைத் துரத்தின. மாமா பிணந்தின்னிக் கழுகு என்கிறார், நண்பன் கரும்பருந்து என்கிறான். கைத்தொலைபேசியில் எடுத்த படத்தில் கரிய உருவம் மட்டுமே தெரிகிறது. பறக்கும்போதே இனத்தையும் வயதையும் எப்படி அறிவது, ஐயா?

பதில்:

உங்கள் பறவையை முதலில் முடித்துவிடுவோம். நீங்கள் சொன்ன அடையாளங்கள் எல்லாம் வெண்வயிற்றுக் கடற்கழுகின் இளம்பறவைக்குப் பொருந்துகின்றன. கூட்டை விட்டு வந்து ஓராண்டுக்குள் இருக்கும், மிஞ்சினால் இரண்டாம் ஆண்டு. மாமாவிடம் மரியாதையாகச் சொல்லுங்கள், பிணந்தின்னிக் கழுகு இலங்கையில் வாழும் பறவை அல்ல. பாக்குநீரிணைக்கு அந்தப் பக்கம் பல இனங்கள் இருந்தும் ஒன்றுகூட இங்கே குடியேறவில்லை. நண்பர் சொன்ன கரும்பருந்து நியாயமான ஊகம்தான். ஆனால் அதைத் தள்ளிவிடுவதற்கான சான்றையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: துரத்திய காகங்கள்.

வானத்தில் தனியாகப் பறக்கும் பறவையின் பருமனை யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. பக்கத்தில் ஒரு காகம் வந்துவிட்டால் நிலைமை மாறிவிடும். நம் ஊர்க் காகம் இறக்கை விரித்தால் ஏறத்தாழ 80 சென்ரிமீற்றர். செம்பருந்து விரித்தால் 110 முதல் 125 சென்ரிமீற்றர், அதாவது ஒன்றரைக் காகம். கரும்பருந்து அதைவிடச் சற்றுப் பெரிது. கடற்கழுகுக்கு 180 முதல் 220 சென்ரிமீற்றர் வரை போகும், இரண்டரைக் காகம். உங்கள் படத்தில் காகமும் கரிய உருவம், பறவையும் கரிய உருவம். பரவாயில்லை, இரண்டையும் திரையில் அளந்து பாருங்கள். காகம் ஏறத்தாழ அதே தூரத்தில் இருக்கும் படமாகத் தேர்ந்தெடுத்தால் போதும். வேட்டைப் பறவைகளைக் கண்டால் காகங்கள் சும்மா இருப்பதில்லை என்பதால், இந்த அளவுகோல் நமக்குக் கேட்காமலே கிடைக்கிறது.

இனி எப்படி அறிவது என்ற பெரிய கேள்வி. பெரும்பாலானோர் நிறத்தில் தொடங்குகிறார்கள். பறவை பழுப்பு, ஆகவே படப்புத்தகத்தில் பழுப்பாக இருப்பது எதுவோ அதுதான் என்று முடிவு கட்டுகிறார்கள். வேட்டைப் பறவைகளில் இது தலைகீழ் வழி. செம்பருந்தின் பிள்ளை பழுப்பு. கடற்கழுகின் பிள்ளை பழுப்பு. வல்லூறின் பிள்ளையும் முதுகில் பழுப்பு. கரும்பருந்திலோ தாயும் பழுப்பு, பிள்ளையும் பழுப்பு. திருகோணமலையிலிருந்து "பெயர் தெரியாத அரிய பறவை" என்று என்னிடம் வரும் படங்களில் பெரும்பகுதி அரிய இனமே அல்ல, தினமும் தலைக்கு மேல் பறக்கும் இனங்களின் பிள்ளைகள்தான். ஆகவே நான் போகும் ஒழுங்கு இது: உருவமும் இறக்கையை வைத்திருக்கும் விதமும் முதலில், வயது அடுத்து, நிறமும் கோடுகளும் கடைசியில். இனம் தெரியாமல் வயதைச் சொல்ல முடியுமா என்று கேட்பீர்கள். பல நேரங்களில் முடியும். அதுவும் இனத்தைவிடச் சுலபமாக முடியும். கீழே வருகிறேன்.

உருவத்துக்கு, பறவை உங்களை நோக்கி வரும் கணத்தைத் தவறவிடாதீர்கள். முகத்துக்கு நேரே மிதந்து வரும்போது இறக்கைகள் என்ன கோட்டில் இருக்கின்றன? கடற்கழுகு இரண்டு இறக்கைகளையும் நன்றாக மேலே உயர்த்தி, அகன்ற பள்ளத்தாக்குப் போல வைத்திருக்கும். முதிர்ந்த பறவையும் அப்படித்தான், முதல் ஆண்டுப் பிள்ளையும் அப்படித்தான். வயதோடு மாறாத அடையாளங்களில் இதுவே மிகப் பெரியது. செம்பருந்து இறக்கையைத் தட்டையாகவோ நுனி சற்றே தாழ்ந்தோ வைத்திருக்கும். கரும்பருந்தும் அப்படியே, ஆனால் அது வாலை ஓயாமல் இடமும் வலமும் முறுக்கிக்கொண்டே இருக்கும். மீன் பிடித்துண்ணும் விராலடிப்பான் இறக்கை மடியும் இடமான மணிக்கட்டை முன்தள்ளி நுனியைத் தாழ்த்துவதால் எதிரேயிருந்து பார்த்தால் வளைந்த வில்லாகத் தெரியும். பூனைப்பருந்துகள் இறக்கையை உயர்த்தி, தாழப் பறக்கும். பாம்புக்கழுகு வட்டமிடும்போது இறக்கையை உயர்த்துவதோடு முன்பக்கமாகவும் தள்ளி வைக்கும். கொண்டை இராசாளி தட்டை.

ஓர் எச்சரிக்கை. வாடைக்காற்று பலமாக அடிக்கும் நாளில் எல்லாப் பறவையும் இறக்கையைச் சுருக்கிக்கொள்ளும். நவம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்க் காற்று கோணேசர் மலையின் செங்குத்துப் பாறையில் மோதி மேலே எழுகிறது. அந்த எழுகாற்றில் கடற்கழுகு இறக்கையை ஒருமுறைகூட அடிக்காமல் பாறையோரமாகவே போய்வரும். அப்போது அரைநொடித் தோற்றத்தை நம்பக்கூடாது. ஒரு முழு வட்டம் அடிக்கும் வரை பொறுத்துப் பாருங்கள்.

அந்த மலைக்கு இன்னொரு தனிச்சிறப்பு உண்டு. வேட்டைப் பறவைகளை நாம் எங்கும் கீழேயிருந்தே பார்க்கிறோம். அங்கே மட்டும் அவற்றின் முதுகைப் பார்க்கக் கிடைக்கிறது. கடற்கழுகின் வயதைச் சொல்ல முதுகும் வாலின் மேற்பக்கமும் மிக நல்ல இடங்கள்.

வாலை மட்டும் எடுத்துக்கொள்வோம். முதிர்ந்த கடற்கழுகின் வால் குறுகியது, ஆப்பு வடிவம். அடிப்பாதி கறுப்பு, நுனிப்பாதி வெள்ளை. இளம்பறவையில் இது அப்படியே புரண்டிருக்கும்: அடி வெளிறியும் நுனிப்பக்கம் அழுக்குப் பழுப்புப் பட்டையாகவும். "வால் வெளிறி, ஓரம் மட்டும் கறுத்திருந்தது" என்று நீங்கள் எழுதியிருப்பது அதைத்தான். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் நான் இவ்வளவு உறுதியாகப் பதில் சொல்லியிருக்க மாட்டேன்.

ஆண்டுவாரியாகப் பார்த்தால், முதல் ஆண்டில் தலையும் கழுத்தும் வெளிறிய மணல் நிறம், உடல் பழுப்பு, முதுகு இறகுகளின் ஓரங்கள் வெளிறியவை. இறக்கையின் அடியில், விரல்களுக்கு (நுனியில் விரல்போலப் பிரிந்து நிற்கும் இறகுகளுக்கு) உட்பக்கமாகப் பெரிய வெளிர்த் திட்டு. வெயிலை எதிர்நோக்கிப் பார்த்தால் அந்த இடத்தில் ஒளி ஊடுருவி வருவதுபோலத் தெரியும். இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் தலை மேலும் வெளுக்கும், வயிறு திட்டுத்திட்டாக மாறும், வால் பட்டை மங்கும். பெரும் குழப்பம் தரும் காலம் இதுதான். ஒரே பறவையில் பாதி பிள்ளை, பாதி பெரியவர். இதற்குப் பிறகு முதுகு சாம்பல் நிறமாகி, மார்பில் ஒரு பழுப்பு நிழல் மட்டும் மிஞ்சும். முழு வெள்ளை உடலும், கறுப்பு விளிம்பு கொண்ட வெள்ளை அடியிறக்கையும் வர நான்கைந்து ஆண்டுகள் ஆகின்றன. இந்தக் கட்டங்களை மாதக் கணக்காகச் சொல்ல முடியாது. ஒரு பறவை முந்தும், இன்னொன்று பிந்தும். "மூன்றாம் ஆண்டாக இருக்கலாம்" என்று எழுதுவதில் கௌரவக் குறைவு ஏதும் இல்லை.

வாலைப் பற்றிச் சொன்னதும் கந்தளாய்க் குளத்துப் பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அங்கே சாம்பல்தலை மீன்கழுகு உண்டு. முதிர்ந்த மீன்கழுகின் வால் அடியில் வெள்ளை, நுனியில் அகன்ற கறுப்புப் பட்டை. அதாவது கடற்கழுகின் பிள்ளைக்கு இருப்பதுபோலவே, ஆனால் பட்டை பளிச்சென்று வெட்டியதுபோல இருக்கும். கடற்கழுகும் கரையை விட்டுக் குளங்களுக்கு வரும் பறவைதான், ஆகவே இடத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. மீன்கழுகின் இறக்கை குட்டையும் அகலமுமானது, அதைத் தட்டையாகவே வைத்திருக்கும். அடியிறக்கை ஒரே இருட்டு, வெளிர்த் திட்டு கிடையாது. பழுப்பு மார்புக்கும் வெள்ளை வயிற்றுக்கும் நடுவே தெளிவான எல்லை தெரியும். கடற்கழுகுப் பிள்ளையின் வயிற்றில் எங்கேயும் அப்படித் தெளிவான எல்லையைக் காணமாட்டீர்கள்.

இனி வயதை அறியும் பொதுவான வழி. இதற்கு இனத்தின் பெயர் தேவையில்லை. இறக்கையின் பின் விளிம்பைப் பாருங்கள்.

கூட்டிலிருக்கும் குஞ்சுக்கு எல்லாப் பறப்பிறகுகளும் ஒரே காலத்தில் வளர்கின்றன. ஆகவே முதல் ஆண்டுப் பறவையின் பின் விளிம்பு சீரானது. ஒரே நிறம், ஒரே தேய்வு, நடுவில் இடைவெளி இல்லை. இறகு நுனிகள் சற்றே கூர்மையாக இருப்பதால், பெரிய கழுகுகளில் விளிம்பு வாள் பல் போலத் தெரியும். பெரியவரின் இறகுகளோ ஒன்றன்பின் ஒன்றாக உதிர்ந்து முளைக்கின்றன. எல்லாம் ஒன்றாய் உதிர்ந்தால் பறக்க முடியாதே. பழைய கிடுகுக் கூரையில் ஆண்டுக்கு ஆண்டு சில கிடுகுகளை மட்டும் மாற்றினால் எப்படி இருக்கும்? புதியது கருமையாகவும் பழையது வெளுத்தும் நரைத்தும் கலந்து கிடக்குமே, முதிர்ந்த கழுகின் இறக்கை அப்படித்தான். நம் பக்கத்து வெயிலும் உப்புக்காற்றும் பழைய இறகை வேகமாக வெளிறச் செய்வதால் இந்த வேறுபாடு இன்னும் கூடுதலாகத் தெரியும்.

பருந்துகளிலும் கழுகுகளிலும் இந்த மாற்றம் இறக்கையின் கைப்பகுதியில், அதாவது மணிக்கட்டுக்கு வெளிப்பக்கம் உள்ள பகுதியில், மிக உள்ளிறகில் தொடங்கி வெளிப்பக்கமாகப் போகும். ஆகவே உட்பக்கம் மூன்று நான்கு இறகு புதுக்கருமை, அதற்கு அடுத்து ஓர் இடைவெளி, வெளிப்பக்கம் எல்லாம் வெளிறிய பழையவை என்று கண்டால், அந்தப் பறவை தன் முதல் இறகு மாற்றத்தில் இருக்கிறது, ஓராண்டு கடந்துவிட்டது என்று எழுதலாம். பெரிய கழுகுகளால் ஒரே ஆண்டில் எல்லா இறகையும் மாற்றி முடிக்க முடிவதில்லை. முதல் அலை நுனியை எட்டுவதற்கு முன் இரண்டாம் அலை உள்ளே தொடங்கிவிடும். ஒரே இறக்கையில் இரண்டு மூன்று தலைமுறை இறகுகள் படிப்படியாக நின்றால் அது பிள்ளை அல்ல. எறிவல்லூறு போன்ற கூரிய இறக்கை கொண்ட இனங்களில் (falcon) மட்டும் மாற்றம் கைப்பகுதியின் நடுவில் தொடங்கி இரு பக்கமும் போகும்.

இடைவெளி கண்டவுடன் இறகு மாற்றம் என்று முடிவு செய்யவும் கூடாது. இரண்டு இறக்கையிலும் ஒரே இடத்தில் இடைவெளி இருந்தால் அது இயல்பான உதிர்வு. ஒரு பக்கம் மட்டும் என்றால் எங்கோ முறிந்திருக்கிறது, மீன்வலையாக இருக்கலாம், காகத்தோடு நடந்த சண்டையாகவும் இருக்கலாம்.

அடுத்து, அன்றாடக் குழப்பமான செம்பருந்து. கோயில் கும்பாபிஷேகத்தின்போது கோபுரத்துக்கு மேலே கருடன் வட்டமிட்டதா என்று எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்களே, அந்தக் கருடன் இதுதான். வெள்ளைத் தலையும் செங்கல் நிற உடலும் கொண்ட முதிர்ந்த பறவையைப் பிழையாகச் சொல்லுகிறவர் இல்லை. உப்புவெளி, நிலாவெளிக் கரையில் கரைவலை இழுத்து முடிந்ததும் மீன்வாடிகளுக்கு மேலே வந்து சேரும் கூட்டத்தை நின்று பாருங்கள். அதில் பழுப்பாகச் சில இருக்கும். கரும்பருந்து என்று பலரும் எழுதி அனுப்புவது இவற்றைத்தான். கரும்பருந்து யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்கம் அதிகம், இந்தக் கரையிலும் வராமல் இல்லை. ஆனால் இங்கே பழுப்புப் பருந்தைக் கண்டால் முதலில் செம்பருந்துப் பிள்ளையா என்று கேட்பதுதான் முறை.

பிரிப்பதற்கு வால் போதும். செம்பருந்தின் வால் எந்த வயதிலும் நுனி உருண்டது. கரும்பருந்தின் வால் நடுவில் உள்வாங்கிய கவை. வாலை முழுதாக விரிக்கும்போது கவை மறைந்து நேர்விளிம்பாகிவிடும், ஆனால் அப்போதும் இரண்டு மூலைகளும் கூராக நிற்கும், உருண்டையாகாது. வால் இறகு உதிரும் காலத்தில் கவையே காணாமல் போகலாம். அப்போது இறக்கையைப் பாருங்கள். கரும்பருந்தின் இறக்கை நீளம், விரல்கள் ஆறும் தெளிவாகப் பிரிந்து தெரியும். செம்பருந்துப் பிள்ளையின் இறக்கை சற்றே குட்டையாகவும் அகலமாகவும் இருக்கும், அடியில் வெளிர்த் திட்டுக்கும் கறுத்த நுனிக்கும் நடுவே வேறுபாடு கூர்மை. கரும்பருந்துப் பிள்ளைக்குக் கண்ணுக்குப் பின்னால் இருண்ட முகமூடி உண்டு, மேற்பக்க இறகு நுனிகள் வெளிறியவை, மார்பில் வெளிர்க் கீறல்கள். செம்பருந்துப் பிள்ளை முழு உடை போட மூன்றாம் ஆண்டு வரை எடுக்கும். இரண்டாம் ஆண்டில் தலை நரைத்து, முதுகில் செந்நிறம் திட்டுத் திட்டாக எட்டிப் பார்க்கும். அந்தக் கட்டத்தில் யாரும் அதை வேறு பறவை என்று சொல்லிவிடாமல் இருந்தால் சரி.

ஒக்டோபர் முதல் மார்ச், ஏப்ரல் வரை இன்னொரு பழுப்பு வருகிறது: குளிர்கால வருகையாளரான குறுங்கழுகு. இதில் வெளிர் உடையும் கரு உடையும் என இரு வகை உண்டு, வயதுக்கும் அதற்கும் தொடர்பில்லை. வெளிர் வகைக்கு அடியிறக்கையின் முன்பாதி வெள்ளை, பின்பாதி கறுப்பு, குழப்பமில்லை. கரு வகைதான் கரும்பருந்தாகத் தெரியும். எதிரே வரும்போது கழுத்தும் இறக்கையும் சேரும் இடத்தில், இரு பக்கமும் ஒவ்வொரு சிறிய வெள்ளைப் புள்ளி, வாகன விளக்குப் போல ஒளிரும். இரண்டு வகைக்கும் அது உண்டு, பருந்துகளுக்குக் கிடையாது. மேலேயிருந்து பார்த்தால் வாலின் அடியில் வெளிர்ப் பிறை. இதன் வயதைப் பறக்கும்போது சொல்ல முயல்வது பெரும்பாலும் வீண்.

கோடுகளைப் பற்றி ஒரு சுருக்கமான விதி உண்டு, சிறிய வேட்டைப் பறவைகளில் நன்றாகவே உதவும். மார்பில் கோடு குறுக்கே ஓடினால் பெரியவர், நெடுக்கே ஓடினால் பிள்ளை. ஊருக்குள் கோழிக்குஞ்சு தூக்கும் வல்லூறு குறுக்கே மெல்லிய செம்பழுப்புக் கோடுகள் உடையது. அதன் பிள்ளைக்கு மார்பில் நெடுக்காகத் துளித்துளியாகக் கீறல்கள். கண் தெரிந்தால் இன்னும் நல்லது: முதிர்ந்த ஆணுக்குச் சிவப்பு, பெண்ணுக்கு மஞ்சள் அல்லது செம்மஞ்சள். பறக்கும்போது நாலைந்து வேகமான அடி, ஒரு சறுக்கல், மீண்டும் அடி. எறிவல்லூறுக்கும் அதே விதிதான். பெரியவருக்குக் குறுக்கே, பிள்ளைக்கு நெடுக்கே. பாறை முகடுகளில் கூடு வைக்கும் நம் நாட்டு எறிவல்லூறு அடிப்பக்கம் செந்நிறமானது, குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வருவது வெளிறியது. கூரிய இறக்கை, விரல்கள் தெரியாது. மாடப்புறாக்கள் திடீரென்று கலைந்து எழுந்தால் மேலே பாருங்கள். கொண்டை இராசாளிக்கு இந்த விதியைப் போட வேண்டாம். அதில் முதிர்ந்த பறவைக்கே மார்பில் நெடுங்கீறல் உண்டு.

இராசாளியையும் பாம்புக்கழுகையும் பார்க்கக் கரையை விட்டு உள்ளே போக வேண்டும். தம்பலகாமம், கந்தளாய், கன்னியா வெந்நீரூற்றுப் பக்கத்துக் காடுகள். காலை ஒன்பது பத்து மணிக்குமேல் தரை சூடேறி வெப்பக்காற்று எழும்போது இவை மேலே ஏறும். பாம்புக்கழுகு தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும், ஏறும்போதே உரக்கக் கத்துவதால் காது முதலில் கண்டுபிடிக்கும். முதிர்ந்த பறவையின் இறக்கைப் பின் விளிம்பில் கறுப்பு, அதை ஒட்டி அகன்ற வெள்ளைப் பட்டை, வாலிலும் அதேபோல ஒரு வெள்ளைப் பட்டை. எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் தெரியும். பிள்ளைக்கு அந்த ஒற்றைப் பட்டை இருக்காது. வெளிறிய உடல், கன்னத்தில் இருண்ட திட்டு, இறக்கையிலும் வாலிலும் மெல்லிய பல பட்டைகள். கொண்டை இராசாளியின் பிள்ளை இன்னும் மோசம்: தலையும் மார்பும் ஏறக்குறைய வெள்ளை. பெற்றவரைப் பக்கத்தில் வைத்தாலும் ஒரே இனம் என்று நம்ப மனம் வராது. வாலில் முதிர்ந்த பறவைக்கு நுனிப் பட்டை மிக அகலம், பிள்ளைக்குச் சம அகலத்தில் பல ஒடுங்கிய பட்டைகள்.

இராசாளியோடு குழம்பும் பறவை தேன்பருந்து. இதில் இங்கேயே வாழ்பவையும் உண்டு, குளிர்காலத்தில் வந்து சேர்பவையும் உண்டு. நிறம் ஒன்றுக்கொன்று ஒத்திருக்காது. கடும்பழுப்பு முதல் ஏறக்குறைய வெள்ளை வரை எல்லாம் வரும். ஆகவே நிறத்தை மறந்துவிட்டுத் தலையைப் பாருங்கள். நீண்ட கழுத்தில் சிறிய புறாத்தலை, நீண்ட வால், தட்டையான இறக்கை, ஆறு விரல். இராசாளியின் தலை பெரிது, அலகு கனத்தது. தேன்பருந்தில் வயதும் ஆணா பெண்ணா என்பதும் சொல்லக் கோடுகள் நல்ல துணை. முதிர்ந்த ஆணின் இறக்கைப் பின் விளிம்பு தடித்த கறுப்பு, வாலில் இரண்டு அகன்ற கறுப்புப் பட்டைகள், கண் கரியது, முகம் சாம்பல். பெண்ணுக்குப் பட்டைகள் ஒடுக்கம், கண் மஞ்சள். பிள்ளைக்குக் கண் கரியதாக இருந்தாலும் அலகின் அடிப்பகுதி மஞ்சள், பெரியவர்களுக்கு அது சாம்பல். இறக்கை நுனியில் கறுப்பு அதிகம் பரவியிருக்கும், கோடுகள் நெருக்கமாகவும் மெல்லியதாகவும் இருக்கும். நல்ல படம் ஒன்று கிடைத்தால் தேன்பருந்தின் வயது எளிது. படம் இல்லாமல் கண்ணால் மட்டும் என்றால் நான் வாய் திறப்பதில்லை.

வயல்வெளிப் பூனைப்பருந்துகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரும்போக வேளாண்மை விளைந்து நிற்கும் மாதங்களில் தம்பலகாமம், மூதூர்ப் பக்கம் வயலுக்குச் சற்று மேலே, தலையைக் கவிழ்த்துத் தேடிக்கொண்டு போகும். சேற்றுப் பூனைப்பருந்து கனத்தது, ஐந்து விரல். பிள்ளையும் பெண்ணும் சொக்கலேற் நிறத்தில், உச்சந்தலை மட்டும் வெண்மஞ்சள். மெலிந்த வெளிர் பூனைப்பருந்தும் மொண்டேகு பூனைப்பருந்தும் நான்கு விரல். இவற்றின் பிள்ளைகளுக்கு அடிப்பக்கம் கோடே இல்லாத செம்மண் நிறம், வாலடியில் வெள்ளை. செம்மண் நிறம் கண்டால் வயது தீர்ந்தது. இரண்டில் எது என்பதற்குக் கழுத்தைச் சுற்றி வெளிர்ப் பட்டை தெளிவாக இருந்தால் வெளிர் பூனைப்பருந்து. தெளிவாக இல்லையென்றால் இரண்டில் ஒன்று என்று எழுதிவிட்டு நகருங்கள்.

விராலடிப்பான் பற்றி ஒரே ஒரு குறிப்பு. களப்புகளிலும் உள் துறைமுகத்திலும் குளிர்காலத்தில் வரும். முதுகு இறகுகளுக்கு வெள்ளை ஓரம் இருந்து செதில் செதிலாகத் தெரிந்தால் அந்த ஆண்டுப் பிள்ளை, ஒரே கரும்பழுப்பாக இருந்தால் பெரியவர். ஒக்டோபரில் இது தெளிவு. மார்ச்சுக்குள் ஓரங்கள் தேய்ந்து போவதால் பிறகு நம்ப முடியாது.

கடைசியாக வெளிச்சமும் கமராவும். உங்கள் படம் கறுத்ததற்குக் கைத்தொலைபேசியைக் குறை சொல்ல வேண்டாம். கோணேசர் மலையும் நிலாவெளிக் கரையும் கிழக்கு நோக்கியவை. காலையில் கடலைப் பார்த்து நின்றால் வெயில் முகத்தில், பறவை நிழலில். பிற்பகல் மூன்று மணிக்குமேல் அதே இடத்தில் நின்றால் வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் வரும், பறவையின் நிறம் அப்படியே கிடைக்கும். காலைதான் முடியும் என்றால் கமராவின் ஒளி அளவைக் (exposure) கையால் ஒன்று முதல் ஒன்றரைப் படி (stop) கூட்டிவிடுங்கள். வானம் வெளுத்துப் போகட்டும், நமக்குப் பறவைதான் வேண்டும். நண்பகலில் வெள்ளை மணலுக்கு மேல் பறக்கும் பறவையின் அடிப்பக்கம் மணலின் ஒளியால் இயல்பைவிட வெளிறித் தெரியும் என்பதையும் கணக்கில் வையுங்கள். 2009இல் திறக்கப்பட்ட கிண்ணியாப் பாலமும் நல்ல இடம். 396 மீற்றர் நீளம், செம்பருந்துகள் கண் மட்டத்தில் கடந்து போகும். வாகனங்களைப் பார்த்து நில்லுங்கள்.

ஒரு பறவைக்கு ஒரு படம் போதாது. தொடர்ச்சியாக எடுங்கள், இறக்கை மேலே எழும் நொடியிலும் கீழே இறங்கும் நொடியிலும் வெவ்வேறு இறகுகள் தெரியும். கேட்கும்போது மூன்றையாவது அனுப்புங்கள்: அடிப்பக்கம், மேற்பக்கம், எதிரே வரும் தோற்றம். மங்கலானதையும் அழிக்க வேண்டாம், வாலின் வடிவத்துக்கு மங்கல் படமே போதும். தேதியும் நேரமும் எழுதுங்கள். எட்டு மடங்கு பெருக்கும் 42 மில்லிமீற்றர் தொலைநோக்கி இந்த வேலைக்குப் போதுமானது. அதற்கு மேல் பெருக்கம் போனால் காற்றில் கை நடுங்கும். கோயிலுக்குப் போகும் வழி பிரெட்ரிக் கோட்டைக்குள்ளே, அங்கே இராணுவம் இருக்கிறது. துறைமுகத்தின் பெரும்பகுதி கடற்படையிடம். நீண்ட வில்லையையோ தொலைநோக்கியையோ அந்தத் திசைகளில் திருப்பாதீர்கள். பறவை அந்தப் பக்கம் போய்விட்டால் போகட்டும், பாறையோரம் எழுகாற்று இருக்கும் வரை பெரும்பாலும் திரும்பி வரும்.